சின்னவள் அப்பா ஜாடை

ஜூன் 5, புதன்

மேல்தொட்டி இன்றும் நிரம்பி வழிந்தது. ஏழரைக்கு மோட்டார் போட்டேன். ஏழு ஐம்பதுக்கு நிறுத்த வேண்டும் என்று சிலேட்டில் எழுதியும் வைத்தேன். சிலேட்டைப் பார்க்க மறந்துவிட்டேன். சன்ஷேடில் தண்ணீர் விழும் சத்தத்தை முதலில் கேட்டது பேரன் ஜெரின்தான். இரண்டு காதையும் பொத்திக்கொண்டு "மோட்டார் நிறுத்தியாச்சா, மோட்டார் நிறுத்தியாச்சா" என்று பதினேழு தடவை சொன்னான். எண்ணினேன். "எண்ணுத நேரத்துக்கு எந்திச்சுப் போய் நிறுத்தியிருக்கலாம்லப்பா" என்றாள் சுகந்தி. நியாயம்தான்.

மதுரையிலிருந்து ஜெரினின் மரபணுப் பரிசோதனை முடிவு வந்துவிட்டதாம். சனிக்கிழமை வரச் சொல்கிறார்கள். அவனுக்குப் பதின்மூன்று வயது. 'வளர்ச்சித் தாமதம்' என்று பத்து வருடமாக எல்லா டாக்டர்களும் எழுதிக் கொடுக்கிறார்கள். ரயில் தாமதம் போல.

புதுப் பேனா சரியில்லை. கோடு நெளிகிறது.

ஜூன் 6, வியாழன்

பீரோவிலிருந்து குடும்ப வரைபடத்தை எடுத்துத் துடைத்து வைத்தேன். நான்கு வருடத்துக்கு முன் நானே வரைந்தது. ஆண்களுக்குச் சதுரம், பெண்களுக்கு வட்டம். நோய் உள்ளவர்களுக்குக் கறுப்பு. நோயில்லாமல் அதைப் பிள்ளைகளுக்குக் கடத்தும் பெண்களுக்கு வட்டத்தின் நடுவில் ஒரு புள்ளி. முப்பத்தொரு வருடம் விலங்கியல் நடத்தியவன் வரைந்தது, டாக்டருக்குப் பயன்படும்.

ஜெரின் கறுப்புச் சதுரம். என் மனைவி மனோரஞ்சிதத்தின் தம்பி தங்கையா கறுப்புச் சதுரம். கடைசி வரைக்கும் பேச்சு சரியாக வராதவர். மனோவின் வட்டத்தில் புள்ளி. மூத்த மகள் சுகந்தியின் வட்டத்தில் புள்ளி. இளையவள் பியூலாவின் வட்டத்தில் ஒரு கேள்விக்குறி, பென்சிலில். என் சதுரம் வெள்ளை.

தர்க்கம் எளிது. இத்தகைய நோய் தாய் வழி எக்ஸ் குரோமோசோமில் வரும். ஆணுக்கு ஒரே எக்ஸ். அது கெட்டிருந்தால் அவனுக்கே நோய் வந்திருக்க வேண்டும். எனக்கு நோயில்லை. ஆகவே என் வழி அல்ல. மூன்று தடவை சரிபார்த்தேன்.

ஜூன் 8, சனி

மதுரை போய்வந்தோம். டாக்டர் ஷமீமாவுக்கு முப்பத்தைந்து வயதுகூட இருக்காது. பொறுமையாகப் பேசினார்.

"எல்லார் உடம்புலயும் இந்த மரபணு இருக்கு சார். அதோட ஆரம்பத்துல சி-ஜி-ஜின்னு மூணெழுத்து திரும்பத் திரும்ப வரும். பொதுவா முப்பது தடவை. தம்பிக்கு இருநூறைத் தாண்டிப் போயிருச்சு. அவ்வளவு நீளமானா செல் அந்த இடத்தையே பூட்டி வச்சிரும். உள்ள எழுதியிருக்கறதுல ஒரு தப்பும் இல்ல. யாரும் எடுத்துப் படிக்கறதில்ல, அவ்வளவுதான். படிச்சாத்தானே நகல் எடுக்க முடியும், நகல் எடுத்தாத்தானே புரதம் வரும்? மூளைக்கு வேண்டிய ஒரு புரதம் தம்பிக்கு வர்றதே இல்ல."

"பூட்டைத் திறக்க முடியாதா டாக்டர்?" என்றாள் சுகந்தி.

"இன்னைக்கு முடியாதும்மா."

சுகந்திக்கும் ரத்தம் பார்த்திருந்தார்கள். அவளுக்கு எண்பத்தாறு. ஐம்பத்தைந்துக்கும் இருநூறுக்கும் இடையில் இருந்தால் பூட்டு விழுவதில்லை. ஆனால் தாயிடமிருந்து பிள்ளைக்குப் போகும்போது எண்ணிக்கை பெருகலாம். அவளிடம் எண்பத்தாறாக இருந்தது இவனிடம் இருநூறைத் தாண்டிவிட்டது.

வரைபடத்தைக் கொடுத்தேன். "ரொம்ப அழகா போட்டிருக்கீங்க சார்" என்றார். பியூலாவின் கேள்விக்குறியில் விரலை வைத்தார். "இவங்க?"

"தங்கச்சி. கோயம்புத்தூர்ல இருக்கா" என்றாள் சுகந்தி. "ஆறு வருசம் கழிச்சு இப்பத்தான் உண்டாயிருக்கா. ஏழு வாரம். அவளுக்கு ஒண்ணும் இருக்காது டாக்டர். நான் அம்மா ஜாடை, அவ அச்சு அசல் அப்பா ஜாடை."

டாக்டர் என்னைப் பார்த்தார். நான் பேப்பர் வெயிட்டைப் பார்த்தேன்.

"ஜாடைக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்லம்மா. அவங்களும் பாத்தே ஆகணும். பதினொண்ணுல இருந்து பதிமூணு வாரத்துக்குள்ள நஞ்சுக்கொடியில கொஞ்சம் எடுத்து, குழந்தைக்கு எப்படி இருக்குன்னு தெரிஞ்சுக்கலாம். தள்ளிப் போடாதீங்க. அப்புறம் சார், இந்த நோயில ஆம்பளைங்க வழியாவும்..."

அந்த நேரம் பார்த்து வெளியே லிஃப்ட் மணி அடித்தது. ஜெரின் அலறினான். சுகந்தி அவனைக் கூட்டிக்கொண்டு வெளியே போய்விட்டாள். நான் படிவங்களில் கையெழுத்துப் போட்டேன். டாக்டர் வேறு சில பொது விஷயங்கள் கேட்டார்.

திரும்பும் பேருந்தில் கூட்டம். கோவில்பட்டி வரை நின்றேன்.

ஜூன் 9, ஞாயிறு

கோயிலுக்குப் போனோம். திருவிருந்து வாங்கவில்லை. கூட்டம் அதிகம். திராட்சை ரசக் கிண்ணத்தைக் கையில் வாங்கி வாய்க்குக் கொண்டுபோக வேண்டுமே; போன மாதம் வெள்ளைத் துணியில் சிந்திவிட்டது.

ஜூன் 12, புதன்

பியூலாவிடம் யார் சொல்வது என்று சுகந்தியும் நானும் பேசினோம். அவள் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள்.

"நீங்கதான் சொல்லணும். நான் சொன்னா, எம்பிள்ளையைக் காட்டி அவளைப் பயமுறுத்துதேன்னு அவ மாமியா சொல்லுவா. ஏற்கெனவே ஜெரினை வளைகாப்புக்குக் கூட்டிட்டு வராதீங்கன்னு சொன்ன ஆளு."

"எப்ப சொன்னாங்க?"

"அவ நாத்தனார் வளைகாப்புக்கு. உங்ககிட்ட சொல்லலை. சொன்னா நீங்க ரெண்டு நாள் நடந்துக்கிட்டே இருப்பீங்க."

ஒப்புக்கொண்டேன். தொலைபேசியில் சொல்லக்கூடிய விஷயம் இல்லை, கடிதமாக எழுதுகிறேன் என்றேன். கூடத்தில் இந்தச் சுவருக்கும் அந்தச் சுவருக்கும் இருபத்திரண்டு அடி. நாற்பது தடவை நடந்தேன்.

ஜூன் 15, சனி

'அன்புள்ள பியூலாவுக்கு' வரை நன்றாக வந்தது. அதற்கு மேல் எழுத்து தேளும் பூரானுமாக ஊர்கிறது. பேனா மாற்றினேன். மேசை மாற்றினேன். இப்படி ஒரு கடிதம் போனால் அப்பாவுக்கு என்னவோ என்றுதான் அவள் பயப்படுவாள். ஐந்து தாள் கிழித்தேன்.

கறிவேப்பிலைச் செடிக்கு மோர் ஊற்றினேன்.

ஜூன் 17, திங்கள்

சவரத்தில் இரண்டு வெட்டு. பிளேடு பழையது.

ஜூன் 20, வியாழன்

பியூலா பேசினாள்.

"எப்பா! துடிப்பு கேட்டாச்சு. ரயில் ஓடுத மாதிரி சத்தம். இவிய அழுதுட்டாவ, தெரியுமா? பெரிய இன்ஜினியரு, கண்ணைத் துடைச்சுக்கிட்டு நிக்காவ."

"நல்லதும்மா."

"மூக்கு மட்டும் உங்க மூக்கா இருந்தா நான் பொறுப்பில்ல. எனக்கு வந்ததே போதும்." சிரித்தாள். அப்புறம் குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "எப்பா, ஒண்ணு கேக்கணும். ஜெரினுக்கு ரிசல்ட் வந்திருச்சாம்ல. அக்கா சரியா சொல்ல மாட்டேங்கா, அப்பாகிட்ட கேளுங்கா. அக்காவுக்கு இருக்கது எனக்கு இருக்காதுல்ல? நான் உங்க ஜாடைதான?"

"ம்" என்றேன்.

"அதான் எனக்குத் தெரியுமே" என்றாள்.

வெண்டைக்காய் நிறையச் சாப்பிடச் சொன்னேன். ஒன்பதாவது வாரம்.

ஜூன் 22, சனி

கல்லூரி நூலகத்துக்குப் போனேன். நூலகர் என் பழைய மாணவர். கணினியில் தேடி ஒரு கட்டுரையைப் பெரிய எழுத்தில் அச்சிட்டுக் கொடுத்தார். "இன்னும் படிக்கீங்களே சார்" என்று டீயும் வாங்கிக் கொடுத்தார். டீயை மேசையில் வைத்துக் குனிந்து உறிஞ்சினேன். கட்டுரையை இரண்டு தடவை படித்தேன்.

மூக்குக்கண்ணாடி மாற்ற வேண்டும்.

ஜூன் 23, ஞாயிறு

கோயிலுக்குப் போகவில்லை. கேட் கொண்டியைப் போட்டேனா என்று ஆறு தடவை பார்த்தேன். போட்டிருந்தேன்.

ஜூன் 26, புதன்

பின்கட்டுப் படியில் தவறிவிட்டேன். முழங்கையில் சிராய்ப்பு. படியில் பாசி இருந்தது.

"பாசியா? நேத்துத்தான் பிளீச்சிங் போட்டுத் தேய்ச்சேன்" என்றாள் சுகந்தி. மஞ்சள் வைத்துக்கொண்டே சொன்னாள். "எப்பா, நீங்க காலை அகட்டி அகட்டி நடக்கீங்க. படகுல நிக்குத மாதிரி. டாக்டரைப் பாப்பமா?"

"வயசாகுதும்மா. எழுபத்தொண்ணு."

"ரோஸ்மேரி டீச்சருக்கு எண்பத்தி மூணு. ஸ்கூட்டி ஓட்டுதாங்க."

ஜெரின் என் முழங்கையை முகர்ந்து பார்த்துவிட்டு "பாசி, பாசி" என்றான். முகத்தைப் பார்த்துச் சொல்லவில்லை. அவன் யார் முகத்தையும் பார்ப்பதில்லை. இன்று எனக்கு அது வசதியாக இருந்தது.

"லெட்டர் போட்டாச்சாப்பா?" என்று சுகந்தி கேட்டாள். எழுதிக்கொண்டிருக்கிறேன் என்றேன். பொய் இல்லை.

ஜூன் 29, சனி

இந்த நாட்குறிப்பை நான் தவிர யாரும் படிப்பதில்லை. பிறகு யாரிடம் மறைக்கிறேன்?

டாக்டர் அன்று கேட்ட 'பொது விஷயம்' இது. நான் கையெழுத்துப் போடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தவர், "கை எப்ப இருந்து நடுங்குது சார்?" என்றார். மூன்று வருடம் என்றேன். நடக்கும்போது தள்ளாட்டம் உண்டா, ஞாபகம் எப்படி என்று கேட்டார். பிறகு, "நீங்களும் கொஞ்சம் ரத்தம் குடுத்துட்டுப் போங்களேன்" என்றார். பேருந்துக்கு நேரமாகிவிட்டது என்றேன். நேரம் ஆகவில்லை.

கட்டுரையில் உள்ளது இது. ஐம்பத்தைந்துக்கும் இருநூறுக்கும் இடைப்பட்ட எண்ணிக்கை ஆண்களுக்கும் இருக்கலாம். பிள்ளைப் பருவத்தில் ஒன்றும் தெரியாது. படிப்பான், வேலை பார்ப்பான், கல்யாணம் முடிப்பான். அவனுக்கு அந்த இடம் பூட்டப்படுவதில்லை. அதற்கு நேர்மாறாக, செல் அதை மட்டுமீறிப் படித்துப் படித்து நகல் எடுத்துத் தள்ளுகிறது. உபரி நகல்கள் நரம்புச் செல்களில் தேங்கிக் கிடக்கின்றன. அறுபதுக்குப் பிறகு சிலருக்குக் கை நடுங்கும், நடை குலையும், மறதி வரும். ஜெரினுக்கு மோட்டார் ஓடவே இல்லை. எனக்கு நிறுத்த ஆளில்லாமல் ஓடி, தொட்டி வழிந்து, சுவரில் இறங்குகிறது. ஒரே மோட்டார்.

ஓர் ஆணுக்கு ஒரே எக்ஸ். அதை எல்லா மகள்களுக்கும் கொடுத்தே ஆக வேண்டும். மனோவின் வழி என்றால் பியூலாவுக்குப் பாதி வாய்ப்பு. என் வழி என்றால் பாதி இல்லை, நிச்சயம். இந்த எண்ணிக்கை இருக்கும் பெண்களில் சிலருக்குச் சினைப்பை சீக்கிரமே சோர்ந்துபோகும், பிள்ளை உண்டாவது கடினம் என்றும் போட்டிருக்கிறது. ஆறு வருடம்.

ஒரு மரபணுவை எப்போது படிப்பது, எப்போது நிறுத்துவது என்று செல் எப்படித் தீர்மானிக்கிறது. வருடா வருடம் இரண்டாம் பருவத்தில் கலர்ச் சாக்பீஸால் படம் போட்டு நடத்தினேன். பாக்டீரியாவை வைத்து நடத்தினேன். பரீட்சைக்குப் பத்து மதிப்பெண்.

ஜூன் 30, ஞாயிறு

இன்னொன்றும் எழுதியாக வேண்டும்.

தங்கையாவுக்கு மூன்று வயதில் மூளைக் காய்ச்சல். அதுவரை ஜெபமெல்லாம் மனப்பாடமாகச் சொல்வானாம். கல்யாணமான புதிதில் மாமியார் என்னிடம் சொன்னார். வரைபடம் போடும்போது எனக்கு அது நினைவில் இருந்தது. காய்ச்சலுக்கு வரைபடத்தில் குறி கிடையாது என்று சொல்லிக்கொண்டு சதுரத்தைக் கறுப்பாக்கினேன். அவரைக் கறுப்பாக்கினால் தர்க்கம் பொருந்தியது.

அதைச் சாப்பாட்டு மேசையில் விரித்துக் காட்டினேன். மனோ கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நீண்ட நேரம் பார்த்தாள். "அப்ப என் ரத்தமா?" என்றாள். "அறிவியல்படி அப்படித்தான் மனோ" என்றேன். அவள் மேசையைத் துடைத்தாள். ஏற்கெனவே துடைத்த மேசை. தங்கையாவின் காய்ச்சலைப் பற்றி அவளும் சொல்லவில்லை. நான் படித்தவன், எனக்குத் தெரியாதா என்று நினைத்திருப்பாள்.

பியூலா அன்று ஊரிலிருந்து வந்திருந்தாள். பயந்துபோய் நின்றாள். "நீ என் ஜாடைம்மா, உனக்கு ஒண்ணும் வராது" என்று சொன்னவன் நான்தான். ஜாடையை வைத்து எக்ஸ் குரோமோசோமைச் சொல்ல முடியாது என்று முதலாண்டு மாணவனுக்கும் தெரியும்.

மனோ போய் இரண்டு வருடம் நான்கு மாதம்.

ஜூலை 2, செவ்வாய்

நூலகத்துக்குப் போகிறேன் என்று சுகந்தியிடம் சொல்லிவிட்டு மதுரை போனேன். ரத்தம் கொடுத்தேன்.

"முடிவு வர ரெண்டு வாரம் ஆகும் சார்" என்றார் டாக்டர் ஷமீமா.

"வந்த பிறகு மகளிடம் சொல்லலாமா?"

"இப்ப எத்தனையாவது வாரம்?"

"பத்தரை."

நாட்காட்டியை என் பக்கம் திருப்பி வைத்தார்.

"லெட்டர் எழுத வரலைங்க" என்றேன். "கை ஒத்துழைக்க மாட்டேங்குது."

"வாய் நல்லாத்தானே இருக்கு சார்?"

ஜூலை 4, வியாழன்

எப்படிச் சொல்வது என்று குறிப்பெடுத்தேன். முதலில் செல். பிறகு குரோமோசோம். பிறகு எழுத்து, பூட்டு. பிறகு நான். ஐந்து நிமிடத்தில் முடிக்கலாம்.

கோயம்புத்தூருக்குப் பேருந்து காலை ஐந்தே முக்காலுக்கு.

ஜூலை 6, சனி. கோயம்புத்தூர்

பெரிய பயணம். இரண்டு மணிக்கு வந்து சேர்ந்தேன். கதவைத் திறந்த பியூலாவின் முகம் போன போக்கு!

"எப்பா, சொல்லாம கொள்ளாம வந்திருக்கீங்க? யாரும் போய்ட்டாவளா?"

"இல்லம்மா. சும்மாதான். அக்கா நார்த்தங்காய் குடுத்து விட்டா."

"நார்த்தங்காய் குடுக்கவா எட்டு மணி நேரம் பஸ்ல வந்தீங்க?"

மாப்பிள்ளை வேலைக்குப் போயிருந்தார். மாமியார் மகள் வீட்டில். நல்லவேளை. சோறு போட்டாள். ரசம் ஊற்றிய சாதம் ஸ்பூனிலிருந்து வேட்டியில் விழுந்தது. கையால் சாப்பிட்டேன். பிறகு காபி கொண்டுவந்தாள். டம்ளர் நிறைய. மேசை தாழ்வு, குனிந்து உறிஞ்ச முடியவில்லை. எடுத்தேன். பாதி தரையில்.

அவள் டம்ளரை என் கையோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். "எப்ப இருந்துப்பா இது?"

"செல்லுன்னு ஒண்ணு இருக்கும்மா" என்று ஆரம்பித்தேன். "ஒவ்வொரு செல்லுக்குள்ளயும் நாப்பத்தாறு குரோமோசோம்..."

"எப்பா. கிளாஸ் எடுக்காதீங்க. உங்க கையைக் கேட்டேன்."

சொன்னேன். குறிப்பில் இருந்த வரிசையில் ஒன்றும் வரவில்லை. முதலில் என் கை, பிறகு ஜெரின், பிறகு தங்கையாவின் காய்ச்சல், கடைசியில்தான் அவள். மூன்று நிமிடம் ஆகியிருக்கும். அவள் டம்ளரை விடவில்லை.

"அப்ப எனக்கு இருக்கு."

"இருக்கும்."

"இருக்குமா, இருக்கா?"

"இருக்கு."

"எம்பிள்ளைக்கு?"

"பாதிக்குப் பாதி. வந்தாலும் எண்ணிக்கை பெருகலாம், பெருகாமலும் இருக்கலாம். பாத்தாத்தான் தெரியும். பதிமூணு வாரத்துக்குள்ள பாக்கணும்."

"நான் போன்ல கேட்டேன்ல. 'ம்'னீங்க."

"ஆமா."

"பதினாறு நாளாச்சு."

அவளும் எண்ணுகிறாள்.

சமையலறைக்குப் போனாள். கழுவிய பாத்திரங்களை எடுத்து மறுபடி கழுவினாள். அவள் அம்மாவைப் போல இருந்தது. இத்தனை வருடமாக இவளிடம் மனோவின் ஜாடையை நான் தேடியதே இல்லை. அங்கிருந்தே கேட்டாள்.

"ஆறு வருசமா ஊசி, மாத்திரை, ஸ்கேன்னு ஓடினேன். பிள்ளை வேண்டாம்னு உடம்பை ஏறக்கட்டி வச்சிருக்கேன்னு அத்தை பேசாத பேச்சில்ல. அதும் இதாலதானா?"

"பெரும்பாலும்."

"உங்க ஜாடைன்னு பெருமையா சொல்லிக்கிட்டுத் திரிஞ்சேனேப்பா!"

தரையில் சிந்திய காபியைத் துடைக்கலாம் என்று குனிந்தேன். "விழுந்து தொலைக்காதீங்க, உக்காருங்க" என்று கத்தினாள். அவளே துடைத்தாள். துடைத்துவிட்டு அங்கேயே தரையில் உட்கார்ந்து அழுதாள். பிறகு போனை எடுத்து அவள் டாக்டரிடம் பேசினாள். டாக்டர் ஷமீமாவின் எண்ணை என்னிடம் கேட்டு வாங்கி அவரிடமும் பேசினாள். தேதி ஜூலை 16. அவள் ரத்தமும் நஞ்சுக்கொடியும் ஒன்றாக எடுத்துவிடுவார்கள்.

"அக்காவுக்கு இது தெரியுமா? உங்க வழின்னு?"

"தெரியாது."

"நேர்ல சொல்லுங்க. லெட்டர் எழுதி டிவி மேல வச்சிட்டு வாக்கிங் போயிராதீங்க."

ஜூலை 8, திங்கள். பாளையங்கோட்டை

நேற்று வீடு வந்தேன். இன்று காலை சொன்னேன். சுகந்தி ஜெரினுக்குத் தலைவாரிக்கொண்டிருந்தாள். சீப்பு நின்றது. பிறகு வகிடு எடுத்து முடித்தாள்.

"அம்மா எங்கிட்ட மன்னிப்புக் கேட்டாப்பா. இந்தச் சமையல் ரூம்ல வச்சு. நீங்க படத்தை மடிச்சு எடுத்துட்டுப் போன பிறகு. என் காலைத் தொட்டா."

எனக்கு அது தெரியாது.

"பரவால்லம்மான்னேன். நீ என்ன செய்வேன்னேன். உன்னை மன்னிச்சிட்டேன்னு சொல்லியிருக்கேன், எப்பா. ஒண்ணுமே செய்யாதவளை."

ஜெரின் "மன்னிச்சிட்டேன், மன்னிச்சிட்டேன்" என்றான்.

ஜூலை 9, செவ்வாய்

சுகந்தி பேசவில்லை.

ஜூலை 11, வியாழன்

சுகந்தி பேசவில்லை. இன்று டீ வேறு டம்ளரில் வந்தது. பெரிய எவர்சில்வர் டம்ளர், பாதிக்கும் கீழே டீ. சிந்தவில்லை.

மோட்டாரை ஜெரின் நிறுத்தினான். தொட்டி நிரம்பும் முன்னால் குழாயில் ஒரு சத்தம் மாறுமாம், எனக்குக் கேட்பதில்லை. அவனுக்குக் கேட்கிறது. சிலேட்டை அழித்துவிட்டேன்.

ஜூலை 14, ஞாயிறு

திருவிருந்துக்குப் போனேன். முழங்காலிட்டபோது பக்கத்தில் யாரோ வந்தார்கள். கிண்ணம் என்னிடம் வந்ததும் என் முழங்கையின் கீழ் ஒரு கை வந்து தாங்கியது. திரும்பிப் பார்க்கவில்லை. சுகந்தியின் வளையல் சத்தம் எனக்குத் தெரியும்.

வீட்டுக்கு வந்து சாப்பிடும்போது, "உப்பு போதுமா?" என்றாள். போதும் என்றேன். குறைவாகத்தான் இருந்தது.

ஜூலை 16, செவ்வாய்

பியூலாவுக்கு இன்று பரிசோதனைக்கு எடுத்துவிட்டார்கள். வலி அதிகம் இல்லையாம். மாப்பிள்ளைதான் பேசினார். "மாமா, அவ தூங்குதா. நான் கூட இருக்கேன்" என்றார். நான் எதிர்பார்த்த கோபம் இல்லை. அது பின்னால் வரலாம்.

என் முடிவும் வந்தது. எழுபத்து நான்கு.

ஜூலை 24, புதன்

ஒன்றும் ஓடவில்லை. கொண்டியை எட்டுத் தடவை பார்த்தேன். சுகந்தி, "எப்பா, அந்தக் கேட்டை எவனும் தூக்கிட்டுப் போக மாட்டான், வந்து உக்காருங்க" என்றாள்.

குழந்தைக்கு இருநூறைத் தாண்டியிருந்தால் என்ன செய்வீர்கள் என்று பியூலாவிடம் நான் கேட்கவில்லை. சுகந்தியும் கேட்கவில்லை. நாங்கள் பேசும்போது ஜெரின் எப்போதும் அருகில் இருக்கிறான்.

ஆகஸ்ட் 3, சனி

பதினொன்றே காலுக்கு போன் வந்தது. சுகந்தி ஸ்பீக்கரில் போட்டாள்.

"எப்பா."

"சொல்லும்மா."

"எனக்கு எழுபத்தொண்ணு. குழந்தைக்கு எழுபத்தெட்டு. பூட்டு விழலை. எப்பா, பூட்டு விழலை."

சுகந்தி முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டாள். அவள் தோளில் கை வைத்தேன். கை நடுங்கியது. அவள் தட்டிவிடவில்லை. பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, "ஏட்டி, சாப்பிட்டியா?" என்று போனைப் பார்த்துக் கேட்டாள். தங்கையின் மகிழ்ச்சியில் சேர்ந்துகொள்ள அவள் என்ன விலை கொடுத்தாள் என்று எனக்குத் தெரியும்.

"இன்னும் இல்லக்கா. டாக்டர் சொன்னாங்க, வயசான காலத்துல கை நடுங்கலாம், நடுங்காமலும் இருக்கலாம். பொண்ணுன்னா பிள்ளை உண்டாக நேரம் ஆகலாமாம். எழுபது வருசம் இருக்குல்ல, அதுக்குள்ள எதுனாச்சும் கண்டுபிடிச்சிருவாவ." மூக்கை உறிஞ்சினாள். "எப்பா, கேக்கீங்களா?"

"கேக்கேன்."

"உங்க ஜாடைதான்ப்பா."

சிரிக்கிறாளா, இன்னும் கோபமா என்று குரலை வைத்துச் சொல்ல முடியவில்லை. இரண்டும் இருந்திருக்கும்.

சாயங்காலம் வரைபடத்தை விரித்தேன். மனோவின் வட்டத்திலிருந்த புள்ளியைப் பிளேடால் சுரண்டினேன். கை நடுக்கத்தில் புள்ளியோடு தாளும் கொஞ்சம் போய், அந்த இடத்தில் வெளிச்சம் தெரிகிறது. தங்கையாவின் சதுரத்தை வெளுக்க முடியாது. பக்கத்தில் 'மூளைக் காய்ச்சல், மூன்று வயது' என்று எழுதினேன். என் சதுரத்தில் புள்ளி வைத்தேன். பியூலாவின் கேள்விக்குறியை அழித்துவிட்டு அங்கும் ஒன்று.

பிறக்காத குழந்தைக்கு, ஆணா பெண்ணா தெரியாத குழந்தைக்கு, சாய்சதுரம் போட வேண்டும். சுகந்தி ரூலரைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தாள். வேண்டாம் என்றேன். நான்கு கோடும் நெளிந்துதான் வந்தன. நடுவில் புள்ளி வைத்தேன்.